முளைக்காத விதை: செத்துவிட்டதா, உறங்குகிறதா?

மாடித்தோட்டம் எழுதியது:

வணக்கம். சேமித்து வைத்த விதை பற்றி ஒரு சந்தேகம். போன பருவத்தில் எடுத்து வைத்த வெண்டை விதையையும் கொஞ்சம் லெட்டூஸ் விதையையும் ஈரத்தாளில் சுருட்டி வைத்துப் பார்த்தேன். இரண்டும் சரியாக முளைக்கவில்லை. ஆனால் முளைக்காத விதம் வேறு வேறாக இருக்கிறது. வெண்டையில் பாதி ஊதிப் பருத்து, கொழகொழத்து, பூஞ்சை படர்ந்துவிட்டது. மீதியில் சில விதைகள் தண்ணீரே குடிக்காமல் போட்டபடி கெட்டியாகக் கிடக்கின்றன. லெட்டூஸ் தண்ணீர் குடித்திருப்பது தெரிகிறது, அழுகவும் இல்லை, முளைக்கவும் இல்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிடலாமா? பூஞ்சைக்கு மருந்து தடவி மறுபடி வைத்தால் பயன் உண்டா?

---

விதை_ஆய்வர் எழுதியது:

தூக்கிப் போடாதீர்கள். விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று வகையையும் நாங்கள் தனித்தனியாகத்தான் கணக்கில் எழுதுவோம். தண்ணீர் குடிக்காமல் கெட்டியாகக் கிடப்பது கடின விதை. தண்ணீர் குடித்தும் கெடாமல் அப்படியே கிடப்பது முளைக்காத புது விதை, பெரும்பாலும் உறக்கத்தில் இருப்பது. கொழகொழத்துப் போனது செத்த விதை. மூன்றையும் ஒன்றாகப் போட்டு “முளைப்புத்திறன் இல்லை” என்று எழுதினால் அந்த விதைக்கு அநியாயம் செய்ததாகும்.

கடின விதையில் உறையே தண்ணீரைத் தடுக்கிறது. வெண்டையிலும் பயறு வகைகளிலும் இது சகஜம். உப்புத்தாளில் லேசாக உரசி, கரு இருக்கும் பக்கத்தைத் தொடாமல் உறையில் ஒரு கீறல் விழச் செய்தால் போதும். அடுத்த நாளே ஊதியிருக்கும்.

பூஞ்சை விஷயத்தில் பலரும் காரணத்தையும் விளைவையும் மாற்றிப் புரிந்துகொள்கிறார்கள். பூஞ்சை வந்ததால் விதை செத்தது என்று நினைக்கிறோம். பாதி நேரம் நடப்பது தலைகீழ். முதிர்ந்து தளர்ந்த விதையில் செல் சவ்வுகள் ஓட்டையாகிவிடுகின்றன. தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் வெளியே கசிகின்றன. அந்தக் கசிவைத் தின்றுதான் பூஞ்சை வளர்கிறது. விதையை ஊறவைத்த தண்ணீரின் மின்கடத்துத்திறனை அளந்து வீரியம் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று உண்டு, குறிப்பாகப் பட்டாணிக்கு. கசிவு கூடினால் தண்ணீரில் அயனிகள் கூடும், மின்கடத்துத்திறன் ஏறும். ஆகவே செத்த விதைக்கு மருந்து தடவிப் பயனில்லை. விதை வழியாகப் பரவும் நோய் இருந்தால் மருந்து வேறு விஷயம், அங்கே அது அவசியம்.

---

பச்சையம் எழுதியது:

லெட்டூஸ் பற்றி மட்டும் சொல்கிறேன். கல்லூரியில் தாவரவியல் எடுக்கிறேன், இது எனக்கு மிகவும் பிடித்த பாடம்.

நீங்கள் தாளைச் சுருட்டி இருட்டில் வைத்திருப்பீர்கள், இல்லையா? பல லெட்டூஸ் ரகங்களுக்கு வெளிச்சம் வேண்டும். 1952-இல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு மையத்தில் போர்த்விக், ஹெண்ட்ரிக்ஸ் குழுவினர் லெட்டூஸ் விதையை வைத்தே ஒரு பெரிய உண்மையைப் பிடித்தார்கள். ஊறிய விதை மீது சிவப்பு ஒளி, அதாவது 660 நானோமீட்டர் அளவில் உள்ளது, பட்டால் முளைக்கிறது. அடுத்து 730 நானோமீட்டர் அளவுள்ள தொலைசிவப்பு ஒளி பட்டால் முளைப்பு நின்றுபோகிறது. மறுபடி சிவப்பு, மறுபடி முளைப்பு. எத்தனை முறை மாற்றி மாற்றிக் கொடுத்தாலும் கடைசியாக எந்த ஒளி பட்டதோ அதன்படிதான் விதை நடக்கிறது. இந்த வேலையைச் செய்யும் நிறமிக்கு அப்புறம் பைட்டோகுரோம் என்று பெயர் வைத்தார்கள்.

விதைக்கு இதனால் என்ன லாபம்? பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு தொலைசிவப்பைக் கீழே விட்டுவிடும். தலைக்கு மேல் வேறு செடிகள் அடர்ந்திருக்கின்றனவா என்பதை மண்ணில் கிடக்கும் சின்ன விதை இப்படித்தான் தெரிந்துகொள்கிறது. கையிருப்பு உணவு குறைவான பொடி விதைகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. நிழலில் முளைத்தால் சேமிப்பு தீர்ந்து சாகும்.

தாளை விரித்து வெளிச்சத்தில் வையுங்கள். கொஞ்சம் குளிர்ந்த இடமாகவும் இருக்கட்டும். சூட்டிலும் லெட்டூஸ் முளைக்க மறுக்கும்.

---

நுண்ணோக்கி எழுதியது:

பச்சையம் அம்மா சொன்ன கடைசி வரியை ஒட்டிச் சொல்கிறேன். சூட்டில் லெட்டூஸ் ஏன் மறுக்கிறது என்பதற்கு மரபணு அளவில் பதில் கிடைத்துவிட்டது. விதையின் உறக்கத்தைக் காப்பது அப்சிசிக் அமிலம், முளைப்பைத் தூண்டுவது ஜிப்ரலின். இந்த இரண்டு ஹார்மோன்களில் எது ஓங்குகிறதோ அதன் பக்கம் விதை சாயும். லெட்டூஸில் வெப்பம் கூடினால் அப்சிசிக் அமிலம் தயாரிக்கும் பாதையில் உள்ள என்சிஈடி4 என்ற மரபணு விழித்துக்கொள்கிறது. மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையில் அந்த ஒரு மரபணுவைச் செயலிழக்கச் செய்தபோது, அதிக வெப்பத்திலும் லெட்டூஸ் முளைத்தது. வெளியிலிருந்து எந்த மரபணுவும் சேர்க்கவில்லை.

ஆனால் உறக்கத்தை மொத்தமாக ஒழித்துவிட்டால் பயிருக்கு நல்லது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். காட்டுப் புல்லைப் பயிராக்கிய காலத்திலிருந்தே நாம் உறக்கம் குறைந்த விதைகளைத்தான் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறோம், விதைத்ததும் சேர்ந்தாற்போல் முளைக்க வேண்டுமே. அதற்கான விலையை அறுவடை நேரத்து மழையில் கொடுக்கிறோம். நெல்லும் கோதுமையும் பார்லியும் கதிரிலேயே முளைத்துவிடுகின்றன. கோதுமையில் முளை கண்ணுக்குத் தெரியும் முன்பே ஆல்ஃபா அமைலேஸ் நொதி மாவுச்சத்தை உடைக்கத் தொடங்கிவிடும், அந்த மாவில் ரொட்டி சரியாக வராது. வளர்ப்பாளர்களுக்கு வேண்டியது அறுவடை வரை உறங்கி, விதைப்பில் விழிக்கும் விதை. அந்த நடு அளவைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

---

மாடித்தோட்டம் எழுதியது:

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. முளைக்கும் வரை காத்திருக்காமல், உறங்கும் விதைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வழி உண்டா?

---

விதை_ஆய்வர் எழுதியது:

உண்டு. டெட்ராசோலியம் சோதனை. 1940-களில் ஜெர்மனியின் கியோர்க் லாக்கோன் உருவாக்கியது, இன்றும் உலகம் முழுவதும் விதைக்கூடங்களில் நடக்கிறது.

மக்காச்சோளத்தை வைத்துச் சொல்கிறேன், அதில் பார்ப்பது சுலபம். விதையை இரவு முழுக்க ஊறவைக்க வேண்டும். காலையில் கூரான பிளேடால் கருவின் நடுவே நெடுக்காகப் பிளக்க வேண்டும். ஒரு பாதியை டெட்ராசோலியம் கரைசலில் போட்டு இருட்டில், 30 டிகிரிக்குப் பக்கமாக வைத்துவிடலாம். கரைசலுக்கு நிறமே இல்லை. உயிருள்ள செல் மூச்சுவிடும்போது டிஹைட்ரஜனேஸ் நொதிகள் ஹைட்ரஜனை விடுவிக்கும், அது இந்த உப்போடு சேர்ந்தால் ஃபார்மசான் என்ற சிவப்புப் பொருளாக மாறி அந்த இடத்திலேயே படிந்துவிடும். சில மணி நேரம் கழித்து எடுத்தால் வெட்டுமுகத்தில் கரு மட்டும் சிவந்து, சுற்றியிருக்கும் மாவுப் பகுதி வெள்ளையாகவே நிற்கும். முதிர்ந்த மாவுப் பகுதியின் செல்கள் ஏற்கெனவே இறந்தவை, அது சிவக்காததில் ஆச்சரியம் இல்லை.

படிப்பதில்தான் அனுபவம் வேண்டும். சிவந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். எந்த இடம் சிவக்கவில்லை என்பதுதான் கேள்வி. ஸ்குட்டெல்லத்தின், அதாவது கருவை ஒட்டியிருக்கும் விதையிலையின், ஓரத்தில் சிறு வெள்ளைத் திட்டு இருந்தால் பரவாயில்லை. குருத்து வெள்ளையாக இருந்தால் அந்த விதை போச்சு. அடர்ந்து கறுத்த சிவப்பாக, திசு தொளதொளவென்று இருந்தால் அது அடிபட்ட திசு, சாகும் வழியில் இருக்கிறது என்று பொருள். நல்ல திசு இளஞ்சிவப்பாக, வெட்டிய இடம் விறைப்பாக இருக்கும்.

ஒரே நாளில் பதில் கிடைக்கும். ஆனால் இது உயிர் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். வயலில் எழுந்து நிற்குமா என்று சொல்லாது. முளைப்புச் சோதனையில் 90 சதவீதம் காட்டிய இரண்டு மூட்டைகளை ஈரமும் குளிருமான மண்ணில் விதைத்தால் ஒன்று நன்றாக வரும், இன்னொன்று பாதி வரும். அந்த வித்தியாசத்தைத்தான் வீரியம் என்கிறோம். அட்டையில் இருக்கும் முளைப்புச் சதவீதத்தை மட்டும் நம்பி யாரும் முடிவெடுக்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

---

வேர்முடிச்சு எழுதியது:

சேமிப்பு என்று இவ்வளவு பயப்பட வேண்டுமா? பிரமிடுக்குள் கிடைத்த கோதுமை முளைத்தது, சைபீரியப் பனியில் 32,000 வருடம் கிடந்த விதை முளைத்துப் பூத்தது என்றெல்லாம் படித்திருக்கிறேன். நம் விதை ஒரு வருடம் தாங்காதா?

---

பச்சையம் எழுதியது:

பிரமிடுக் கோதுமை கட்டுக்கதை. பழைய கல்லறைகளில் உண்மையாகவே கிடைத்த தானியம் எதுவும் முளைக்கவில்லை.

சைபீரிய விஷயத்தில் செடி வந்தது உண்மை, விதை முளைத்ததாகச் சொல்வது தவறு. 2012-இல் வெளியான அந்த ஆய்வில் சைலீன் ஸ்டெனோஃபில்லா என்ற செடியின் முதிராத கனிகளிலிருந்து, விதையைத் தாங்கும் சூல்ஒட்டுத் திசுவை எடுத்து, திசு வளர்ப்பு முறையில்தான் செடியை மீட்டார்கள். அதேபோல் கனடாவின் யூக்கான் பகுதியில் 10,000 வருடப் பழைய லூபின் விதை முளைத்ததாக 1967-இல் செய்தி வந்தது. 2009-இல் கதிர்க்கரிமக் கணிப்பு செய்து பார்த்தபோது அவை அண்மைக்கால விதைகள், லெம்மிங் என்ற எலி வகைப் பிராணியின் பழைய வளைக்குள் எப்படியோ கலந்தவை என்று தெரிந்தது.

நம்பத்தக்கவை இரண்டைச் சொல்கிறேன். சீனாவில் வறண்ட ஏரிப்படுகையில் கிடைத்த தாமரை விதை ஒன்று சுமார் 1,300 வருடம் கழித்து முளைத்தது. இஸ்ரேலின் மசாடா கோட்டையில் கிடைத்த பேரீச்சை விதை சுமார் 2,000 வருடப் பழசு, 2005-இல் விதைத்து மரமானது. ஒன்றில் காற்றும் நீரும் புகாத தடித்த உறை, மற்றொன்றில் கடும் வறட்சி. நம் வெண்டைக்கு இரண்டும் கிடையாது.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1879-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 20 பாட்டில்களில் மணலோடு 21 வகைச் செடிகளின் விதைகளைக் கலந்து, வாயைக் கீழ்ப்புறமாகச் சாய்த்து, மண்ணுக்குள் புதைத்தார். ஒவ்வொன்றிலும் வகைக்கு 50 விதை. முதலில் 5 வருடத்துக்கு ஒன்றாகத் தோண்டினார்கள், அப்புறம் 10, இப்போது 20. கடைசியாக 2021-இல் எடுத்த பாட்டிலில் வெர்பாஸ்கம் என்ற களைச்செடி இன்னும் முளைத்தது. பெரும்பாலான வகைகள் எப்போதோ தீர்ந்துவிட்டன. அடுத்தடுத்த தலைமுறை ஆய்வாளர்கள் கைமாற்றி வரும் இந்தச் சோதனை 2100-இல்தான் முடியும். எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு.

---

விதை_ஆய்வர் எழுதியது:

வேர்முடிச்சுக்குச் சேமிப்பு பற்றி என் பங்கு.

விதையை முதுமையாக்குவது ஈரமும் வெப்பமும். ஹாரிங்டன் என்பவர் சொன்ன கட்டைவிரல் விதி இன்றும் உதவும்: விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், வெப்பநிலை 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும். ஈரப்பதம் ஏறத்தாழ 5 முதல் 14 சதவீதத்துக்குள் இருக்கும்வரைதான் இந்தக் கணக்கு. 12 சதவீதத்திலிருந்து 8-க்கு இறக்கினால் ஆயுள் 16 மடங்கு. குளிரூட்டும் பெட்டியை விட உலர்த்துவது மலிவு, பலனும் அதிகம்.

அவசரப்பட்டு ஃபிரிட்ஜில் காகிதப் பையோடு வைக்காதீர்கள். உள்ளே ஈரம் அதிகம், விதை அதை இழுத்துக்கொள்ளும். முதலில் நிழலில் உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு அடைத்த கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக்கி மூடி, அப்புறம் குளிரில் வையுங்கள். வெளியே எடுத்தால் பாட்டில் அறைச் சூட்டுக்கு வரும்வரை திறக்கக் கூடாது, திறந்தால் விதை மேல் நீர் கோத்துவிடும். தானியம் போதுமான அளவு காய்ந்ததா என்று பார்க்கக் கருவி இல்லையென்றால், நன்கு வறுத்த உப்பையும் தானியத்தையும் உலர்ந்த பாட்டிலில் போட்டுக் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் சுமார் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது. சேமிக்க லாயக்கில்லை.

ஆனால் எல்லா விதைக்கும் இது பொருந்தாது. மா, பலா, ரப்பர், கோகோ இவற்றை உலர்த்தினால் செத்துவிடும். நார்வேயின் ஸ்வால்பார்டில் 2008 முதல் இயங்கும் சேமக்காப்பகத்தில் மைனஸ் 18 டிகிரியில் பெட்டி பெட்டியாக விதை இருக்கிறது, அங்கே இவற்றுக்கு இடமில்லை. கருவை மட்டும் எடுத்துத் திரவ நைட்ரஜனில் உறைய வைப்பது, இல்லாவிட்டால் தோப்பாகவே உயிரோடு காப்பது, இவைதான் வழி.

ஸ்வால்பார்டுக்கு வேலை வந்ததும் தெரிந்ததே. சிரியாவின் அலெப்போ அருகே இருந்த இக்கார்டா விதை வங்கியைப் போரால் நடத்த முடியாமல் போனது. 2015-இல் அவர்கள்தான் முதன்முதலாக அங்கிருந்து தங்கள் விதையைத் திரும்ப எடுத்தார்கள். பெருக்கி, மறுபடி ஒரு பங்கை அங்கேயே கொண்டுபோய் வைத்தார்கள்.

---

ஏர்முனை எழுதியது:

எல்லாம் படித்தேன். விவசாயி என்ற முறையில் ஒன்று கேட்கிறேன், யாரும் தொடவில்லை. வீரிய ஒட்டு விதையை எடுத்து வைத்தால் முளைக்காதபடி கம்பெனிக்காரர்கள் செய்துவிட்டார்கள் என்கிறார்களே. டெர்மினேட்டர் விதை என்று பேர். அப்படியிருக்க நாங்கள் உலர்த்தி, பாட்டிலில் அடைத்து என்ன பயன்?

---

நுண்ணோக்கி எழுதியது:

ஏர்முனை ஐயா, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

டெர்மினேட்டர் காப்புரிமை உண்மை. 1998 மார்ச்சில் டெல்டா அண்ட் பைன் லேண்ட் கம்பெனிக்கும் அமெரிக்க வேளாண் துறைக்கும் சேர்ந்து கிடைத்தது. விதை முதிரும் கடைசிக் கட்டத்தில் மட்டும் விழிக்கும் ஒரு தூண்டியோடு, செல்லைக் கொல்லும் புரதத்தின் மரபணுவை இணைப்பது திட்டம். அதனால் விற்ற விதை முளைக்கும், அதன் மகசூலில் வரும் விதை முளைக்காது. கடும் எதிர்ப்பு கிளம்பியது. 1999-இல் பெரிய விதைக் கம்பெனியான மான்சான்டோ இதை வணிகமாக்க மாட்டோம் என்று அறிவித்தது. 2000-இல் உயிரியல் பல்வகைமை உடன்படிக்கை நாடுகள் வயல் சோதனையையும் விற்பனையையும் நிறுத்தி வைக்கச் சொன்னன. இன்றுவரை எந்த நாட்டுச் சந்தைக்கும் வரவில்லை.

வீரிய ஒட்டு விதை வேறு. அதன் மகசூல் விதை நன்றாகவே முளைக்கும். பிரச்சினை முளைத்த பிறகு. அப்பா வரிசையும் அம்மா வரிசையும் தனித்தனியே குணம் மாறாத தூய வரிசைகள் என்பதால் முதல் தலைமுறை எல்லாம் ஒரே சீராக இருக்கும். அடுத்த தலைமுறையில் குணங்கள் பிரிந்துவிடும். பத்தே பத்து மரபணு இடங்களில் வேறுபாடு இருந்தாலும் 3-இன் பத்தாம் அடுக்கு, 59,049 விதமான சேர்க்கைகள் வரலாம். உயரம் ஒன்று, முதிர்வு ஒன்று என்று வயல் கலைந்து போகும், முதல் தலைமுறையின் கூடுதல் மகசூலும் குறையும்.

விதை முளைக்காது என்பது பொய் என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. அமெரிக்காவின் இந்தியானாவில் போமன் என்ற விவசாயி, களைக்கொல்லி தாங்கும் சோயா கலந்த தானியத்தைக் கிட்டங்கியில் வாங்கி விதைத்து, அதிலிருந்து மறுபடி விதை எடுத்தார். மான்சான்டோ வழக்குப் போட்டது. 2013-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகக் கம்பெனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. முளைக்காத விதையாக இருந்தால் வழக்கு எதற்கு?

---

ஏர்முனை எழுதியது:

புரிகிறது தம்பி. ஆனால் எனக்கு இதில் ஆறுதல் இல்லை. மரபணுவில் பூட்டுப் போடவில்லை, சட்டத்தில் போட்டார்கள், அவ்வளவுதானே? விதை கையில் இல்லாதவனுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அப்புறம் எல்லா வயலிலும் ஒரே மாதிரி விதை என்பதில் எனக்குப் பயம் உண்டு. 1970-இல் அமெரிக்க மக்காச்சோளத்தில் என்ன நடந்தது என்று நீங்கள் எல்லாம் படித்திருப்பீர்களே.

---

நுண்ணோக்கி எழுதியது:

சட்டம் பற்றிச் சொன்னதை மறுக்க மாட்டேன், நியாயமான கோபம்.

1970 உதாரணமும் சரியானது, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒட்டு விதை தயாரிக்க ஒவ்வொரு அம்மாச் செடியின் ஆண் பூவையும் கையால் ஒடிக்க வேண்டியிருந்தது. டெக்சாஸ் சைட்டோபிளாசம் (தாய் வழியே வரும் ஒரு வகைச் செல் உட்பொருள்) கொண்ட வரிசையில் மகரந்தமே உண்டாகாது என்பதால் ஏறக்குறைய எல்லா விதைக் கம்பெனியும் அதையே எடுத்துக்கொண்டன. அந்த ஆண்மலட்டுத்தன்மைக்குக் காரணமான மைட்டோகாண்ட்ரியப் புரதமே, இலைக்கருகல் பூஞ்சையின் நச்சுக்குச் செடியைப் பலியாக்கியது. ஒரே பருவத்தில் நாட்டு மகசூலில் சுமார் 15 சதவீதம் போயிற்று.

உங்கள் முதல் கவலைக்கு உயிரியலில் ஒரு வழி திறந்திருக்கிறது. அதைத்தான் இந்த இழையில் சொல்ல ஆசைப்பட்டேன். சில காட்டுச் செடிகள் கருவுறாமலே விதை தருகின்றன, குழந்தை அம்மாவின் அச்சு. ஏபோமிக்சிஸ் என்பார்கள். நெல்லில் இது இயல்பாக இல்லை. 2019-இல் இரண்டு குழுக்கள் இதைச் செயற்கையாகச் செய்து காட்டின. குன்றல் பகுப்புக்குத் தேவையான மூன்று மரபணுக்களை முடக்கினால் முட்டைச் செல் குரோமோசோம்களைப் பாதியாக்காமல், கலக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளும். ஒரு குழு அதோடு பேபி பூம்1 என்ற மரபணுவை முட்டைச் செல்லில் விழிக்கச் செய்தது, மகரந்தம் சேராமலே கரு வளர ஆரம்பித்தது. அப்போது இப்படி அம்மாவின் அச்சாக வரும் குளோன் விதை குறைந்த விகிதத்தில்தான் கிடைத்தது. 2022-இல் ஒட்டு நெல்லில் 95 சதவீதத்துக்கு மேல் வந்துவிட்டது. இது வயலுக்கு வந்தால் ஒட்டு நெல்லின் விதையை விவசாயியே எடுத்து, அதே குணத்தோடு திரும்ப விதைக்கலாம்.

---

பச்சையம் எழுதியது:

ஒரு சந்தேகம். கரு கருவுறாமல் வளர்கிறது, சரி. கருவூண், அதாவது விதையின் மாவுப் பகுதி? இரட்டைக் கருவுறுதல் இல்லாமல் அரிசியே கிடையாதே.

---

நுண்ணோக்கி எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. கருவூணுக்கு மகரந்தம் இன்னும் வேண்டும். முட்டைச் செல் மட்டும் தனியாகக் கிளம்புகிறது, நடுச் செல்லில் ஆண் அணு வழக்கம்போல் சேர்ந்து கருவூண் உண்டாகிறது. சில வரிசைகளில் விதை பிடிப்பு குறைவதும் உண்டு. வயலுக்கு வர வேலை பாக்கி இருக்கிறது.

---

ஏர்முனை எழுதியது:

நல்ல செய்திதான். ஆனால் இதற்கும் யாராவது காப்புரிமை வைத்திருப்பார்கள். இன்னொன்று, அச்சு அசலாக ஒரே செடி வருடம் வருடமாக வந்தால் 1970 மறுபடி வராதா?

---

நுண்ணோக்கி எழுதியது:

வரலாம். ஒரே குளோனை நாடு முழுக்கப் போட்டால் நிச்சயம் வரும். ஆனால் குளோன் விதை கையில் இருந்தால் ஒவ்வொரு பகுதிக்கும் தனி ஒட்டுகளை உருவாக்கி, பல குளோன்களைக் கலந்து விதைப்பது மலிவாகிவிடும். இன்று ஒவ்வொரு ஒட்டுக்கும் வருடா வருடம் தனித் தனிமைப்படுத்திய வயல், தனி அப்பா அம்மா வரிசை என்று செலவு ஏறுவதால்தான் சில ஒட்டுகளே எங்கும் விற்கின்றன. காப்புரிமை பற்றி நீங்கள் சொன்னது உண்மை. பொதுத்துறை ஆய்வகங்கள் இதைக் கையில் எடுக்காவிட்டால் பலன் விவசாயிக்கு வந்து சேராது என்றே நானும் நினைக்கிறேன்.

---

விதை_ஆய்வர் எழுதியது:

குளோன் விதைக்கும் ஈரப்பதமும் சேமிப்பு நோய்களும் அதே போலத்தான் பொருந்தும். வருடா வருடம் தன் விதையையே எடுப்பவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு, விதை வழிப் பரவும் நோய் அதே வயலில் சேர்ந்துகொண்டே போகும். நெல்லில் பக்கானே நோய்ப் பூஞ்சை அப்படித்தான் பெருகுகிறது. விதைக்கென்று நோயில்லாத ஒரு மூலையை ஒதுக்கி, நோய் தெரிந்த செடியைப் பூக்கும் முன்பே பிடுங்கிவிட்டு, அந்த மூலையிலிருந்து மட்டும் எடுங்கள். ஏர்முனை ஐயா, உங்களிடம் இப்போது இருக்கும் ரகங்களுக்கும் இதையே செய்யலாம்.